சுருட்டுப் பெட்டியில் வண்டு: உறைய வைப்பதா, குளிர வைப்பதா, காற்றை எடுப்பதா?

மும்பையில் ஜூலை பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். இந்த மாதம் மட்டும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் செம்பூர் மாமா, கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், போன துறைமுகத்தில் எல்லாம் வாங்கிச் சேர்த்த சுருட்டு இருநூறுக்கு மேல் வைத்திருக்கிறார். "பெட்டியைத் திறந்தால் அடியில் மாவு மாதிரி உதிர்ந்து கிடக்கிறது, பக்கத்தில் குட்டி வண்டு ஒன்று நடக்கிறது, நான் என்னப்பா செய்யட்டும்" என்று போனில் கேட்டபோது அவர் குரலே சரியில்லை. இன்னொருவர் பவாயில் இருக்கும் தம்பி, அவரிடம் மொத்தமே பதினெட்டு. "அண்ணா, ஒருத்தர் பிரீசரில் வைக்கச் சொல்கிறார், ஒருத்தர் வைன் கூலர் வாங்கச் சொல்கிறார், ஒருத்தர் ஆக்சிஜன் பாக்கெட் போடு என்கிறார், எது சரி?" என்றார். வண்டு ஒன்றுதான், ஆனால் இரண்டு பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் வேறு என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேளாண் புத்தகங்களில் இதைச் சிகரெட் வண்டு என்பார்கள், அறிவியல் பெயர் லேசியோடெர்மா செரிகோர்னே. 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், செம்பழுப்பு நிறம், தலையைக் கீழே மடக்கி வைத்திருப்பதால் பக்கவாட்டில் பார்த்தால் கூன் விழுந்தது போலத் தெரியும். பெயரில்தான் சிகரெட் இருக்கிறது, உண்மையில் மஞ்சள், மிளகாய் வற்றல், தனியா, சுக்கு எல்லாமே இதற்குச் சாப்பாடு. உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் ஹெர்பேரியங்களுக்கும் பழைய புத்தகங்களுக்கும் கூட இது எதிரி. எகிப்தில் துட்டன்காமன் கல்லறைப் பொருட்களிலேயே கிடைத்திருக்கிறது என்றால் எவ்வளவு பழைய சங்காத்தம் என்று பாருங்கள். நிகோடின் என்பதே ஒரு பூச்சிக்கொல்லி, அதைத் தின்றுவிட்டு இது எப்படி உயிரோடு இருக்கிறது என்றால், இதன் குடலை ஒட்டி ஈஸ்ட் போன்ற ஒரு நுண்ணுயிர் குடியிருக்கிறது, அது நஞ்சை முறிக்க உதவுகிறது.

முடிவெடுக்க மூன்று விஷயம் தெரிந்தால் போதும். பெண் வண்டு 100 முட்டை வரை இடும், அந்த முட்டை நம் கண்ணுக்குத் தெரியாது. தின்பது புழுதான், வளர்ந்த வண்டு ஒன்றும் தின்பதில்லை, அது வெளியே வருவதற்குத்தான் குண்டூசித் தலை அளவுக்கு வட்டமாக ஓட்டை போடுகிறது. அதாவது நீங்கள் ஓட்டையைப் பார்க்கும் அன்றைக்கு அந்தச் சுருட்டுக்குள் சாப்பாடு முடிந்து பல நாள் ஆகிவிட்டது, அதே பெட்டியில் ஓட்டை இல்லாமல் அழகாக இருக்கும் மற்றதுக்குள் முட்டையோ புழுவோ இருக்கலாம். மூன்றாவது வெயில் கணக்கு. முட்டையிலிருந்து வண்டு ஆக 37 டிகிரியில் 26 நாள் போதும், 20 டிகிரியில் 120 நாள் வேண்டும், 18 டிகிரிக்குக் கீழே போனால் முட்டை பொரிவதே ஏறக்குறைய நின்றுவிடும். மும்பை மழைக்காலத்தில் வீட்டுக்குள் 28, 30 டிகிரி, காற்றில் ஈரம் எண்பது சதவீதத்துக்கு மேல். வண்டுக்கு இதைவிட வசதியான ஊர் அமையாது.

எதை வைத்து முடிவு செய்வது

விலையை முதலில் பார்க்காதீர்கள், அதைக் கடைசியில் பார்க்கலாம். முதல் கேள்வி, இந்த வழியில் முட்டையும் சாகிறதா? வண்டை மட்டும் கொல்லும் வழி எதுவானாலும் ஒரு மாதத்தில் திரும்ப அதே இடத்தில் நிற்பீர்கள். இரண்டாவது, சுருட்டு கெடாமல் இருக்குமா? இது வாயில் வைத்து இழுக்கும் பொருள், மேல் இலை வெடித்தாலும் போச்சு, மருந்து ஏறினாலும் போச்சு. மூன்றாவது, உங்கள் வீட்டில் ஒத்துவருமா? இதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் நம் வீடுகளில் பாதிப் பேருக்கு இதுதான் தீர்மானிக்கும். இட்லி மாவும் உறைத்தயிரும் இருக்கும் பிரிட்ஜில் புகையிலையை வைக்க அம்மாவோ மாமியாரோ சம்மதிக்க மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. நான்காவது, இந்தத் தடவை கொன்ற பிறகு அடுத்த மழைக்காலத்துக்கு என்ன ஏற்பாடு?

வழி ஒன்று: வீட்டு பிரிட்ஜின் பிரீசர்

சரியாகச் செய்தால் இதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. கியூபாச் சுருட்டுகளையே ஏற்றுமதிக்கு முன்னால் உறைய வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அருங்காட்சியகங்களில் பூச்சி அரித்த துணிக்கும் மரத்துக்கும் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் என்ற கணக்கைப் பின்பற்றுகிறார்கள், அதையே நானும் எடுத்துக்கொள்கிறேன். மூன்று நாள் போதும் என்று பலர் சொல்வார்கள், நல்ல டீப் பிரீசருக்கு அது சரியாக இருக்கலாம், வீட்டுப் பிரீசருக்கு நான் ஏழு நாளுக்குக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

காரணம், பிரீசர் எல்லாம் ஒன்றல்ல. ஒற்றைக் கதவு பிரிட்ஜில் மேலே இருக்கும் சின்னப் பெட்டி பனிக்கட்டி உறைவதற்குப் போதும், மைனஸ் 18 வரை போகும் என்று நம்ப முடியாது. அதில் வைக்கும் ஐஸ்கிரீம் கல் மாதிரி இருக்கிறதா, கரண்டி சுலபமாக இறங்குகிறதா பாருங்கள். கரண்டி இறங்கினால் அந்தப் பிரீசர் இந்த வேலைக்கு ஆகாது. இரட்டைக் கதவு பிரிட்ஜில் குளிர் போதும், ஆனால் பனி படியாமல் இருக்க அது அவ்வப்போது தானாகவே கொஞ்சம் சூடேறி இறங்கும். அதனால்தான் ஏழு நாள் என்கிறேன். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது, ஒரு நாள் உள்ளே போட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கவர்தான் உயிர். ஜிப்லாக் கவரில் காற்றை அழுத்தி எடுத்துவிட்டு மூடி, அதை இன்னொரு ஜிப்லாக்குக்குள் போடவும். சுருட்டின் ஈரத்தை ஒரே அளவில் வைக்கப் போடும் ஈரப்பத பாக்கெட் உள்ளே இருந்தால் எடுத்துவிடவும். நான் முதல் தடவை செய்தபோது பெட்டியோடு அப்படியே பிரீசரில் வைத்து, எடுத்ததும் ஜன்னலோரம் மேசையில் வைத்துத் திறந்து பார்த்துவிட்டேன். வெளியே ஜூலை மழை. ஐந்தே நிமிடத்தில் சுருட்டின் மேல் பனி வியர்த்து, மறுநாள் ஏழு சுருட்டில் மேல் இலை நீளவாக்கில் வெடித்திருந்தது. அதில் இரண்டு என் பெரியப்பா கொடுத்தவை, இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதனால் நான் சொல்வது, போகும்போது வேகம், வரும்போது நிதானம். உள்ளே போகும்போது ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பிறகு பிரீசர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பூச்சிகள் மெல்ல மெல்லக் குளிர்ந்தால் குளிருக்குப் பழகிக்கொள்ளக்கூடும் என்பதால் நான் அதை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீட்டுவதில்லை. வெளியே வரும்போது மட்டும் அவசரம் வேண்டாம். முழுதாக ஒரு நாள் கீழ்த்தட்டு, அடுத்த நாள் அறையில், அதுவும் கவரைத் திறக்காமல். வியர்வை கவரின் வெளிப்பக்கம் வந்து காய்ந்துபோகட்டும், அப்புறம்தான் திறக்கணும். அதன் பிறகு ஹ்யூமிடாரில், அதாவது ஈரம் குறையாமல் சுருட்டு வைக்கும் பெட்டியில், மூன்று வாரமாவது சும்மா இருக்க விட்டால் சுவை திரும்பிவிடும்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், ஒரு வாரம் பிரீசரில் வேறு எதற்கும் இடம் இருக்காது. நடுவில் மின்சாரம் போனால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மும்பையில் அது அபூர்வம்தான், ஆனாலும் 2020 அக்டோபர் 12-ஆம் தேதி நகரமே மணிக்கணக்கில் இருண்டு கிடந்தது நினைவிருக்கும். அப்புறம் வாசனை. இரட்டைக் கவர் போட்டால் புகையிலை வாடை பாலுக்கோ, மீன் வாடை சுருட்டுக்கோ போகாது, ஒற்றைக் கவர் என்றால் என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஐம்பது சுருட்டுக்குள் வைத்திருப்பவர், இரட்டைக் கதவு பிரிட்ஜ் இருப்பவர், வீட்டில் ஆட்சேபணை இல்லாதவர் வேறு வழியை யோசிக்கவே வேண்டாம்.

வழி இரண்டு: இதற்கென்றே ஒரு டீப் பிரீசர்

கடைகளில் ஐஸ்கிரீம் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி மேலே திறக்கும் சின்னப் பெட்டி. குளிர் ஒரே நிலையில் நிற்கும், நடுவில் சூடேறி இறங்குவது கிடையாது, கதவைத் திறந்தாலும் குளிர் கொட்டிப் போகாது. வேலை சுத்தம். சமையலறைப் பக்கம் புகையிலை போகவே போகாது என்பதால் வீட்டுச் சண்டையும் இல்லை.

ஆனால் மும்பை வீட்டில் அதை எங்கே வைப்பீர்கள்? பணத்தைவிட இடம்தான் பெரிய செலவு. பால்கனியில் வைத்தால் மழைச்சாரல், கூடத்தில் வைத்தால் வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், ஒரு அறைக்குள் வைத்தால் அந்த அறைக்கு ஒரு சதுர அடி ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்பீர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை பயன்படும் பொருளுக்கு இது கட்டுமா என்று உட்கார்ந்து யோசிக்கணும். இருநூறு முந்நூறு வைத்திருந்து, புதிதாக வாங்கும் ஒவ்வொரு பெட்டியையும் உறைய வைத்த பிறகே மற்றதோடு சேர்ப்பேன் என்று ஒழுங்காக இருப்பவருக்குக் கட்டும். மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்து வாங்கி யாராவது ஒருவர் வீட்டில் வைத்தாலும் நல்ல யோசனைதான்.

வழி மூன்று: ஆக்சிஜனை எடுத்துவிடுவது

பிரீசர் ஒத்துவராத வீட்டுக்கு இது வரப்பிரசாதம், ஏனோ யாரும் பேசுவதில்லை. தின்பண்டப் பொட்டலங்களில் இருக்குமே, இரும்புத்தூள் நிரப்பிய குட்டி பாக்கெட், அதை மூடிய இடத்தில் போட்டால் உள்ளிருக்கும் ஆக்சிஜனை அது இழுத்துக்கொள்ளும், வண்டும் புழுவும் முட்டையும் மூச்சில்லாமல் சாகும். அருங்காட்சியகங்களும் இதைச் செய்கின்றன, அங்கே 25 டிகிரியில் சுமார் மூன்று வாரம் என்பது வழக்கம். வெப்பம் கூடினால் பூச்சிக்குச் சுவாசம் வேகமாகும், சாவும் வேகமாகும். மற்ற எல்லா வழியிலும் நமக்கு எதிராக நிற்கும் மும்பை வெப்பம் இதில் மட்டும் நம் பக்கம்.

ஆனால் இதில் ஒரு இடத்தில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். ஜிப்லாக் கவர் இதற்கு உதவாது, அதன் வழியே ஆக்சிஜன் மெல்ல உள்ளே வந்துகொண்டே இருக்கும். அலுமினியப் படலம் ஒட்டிய தடித்த பை, அதைச் சூட்டில் ஒட்டும் சின்ன மெஷின், இல்லையென்றால் ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் கண்ணாடி ஜாடி வேண்டும். ஊறுகாய் ஜாடியின் பழைய தகர மூடியை நம்ப வேண்டாம். ஜாடியின் கொள்ளளவுக்குத் தகுந்த எண்ணிக்கையில் பாக்கெட் போட வேண்டும், அதோடு ஆக்சிஜன் போய்விட்டதா என்று நிறம் மாறிக் காட்டும் வில்லை ஒன்றையும் போடுங்கள், இல்லையென்றால் நடந்ததா நடக்கவில்லையா என்று தெரியாமலே மூன்று வாரம் காத்திருப்பீர்கள். பிரீசர் என்றால் தெர்மாமீட்டர் சொல்லிவிடும், இதில் அந்த வில்லைதான் சாட்சி.

இரும்பு பாக்கெட் கொஞ்சம் ஈரத்தோடு வினைபுரியும் என்பதால் உள்ளே 65 சதவீத ஈரப்பத பாக்கெட் ஒன்றையும் சேர்த்து வைப்பது நல்லது. சுருட்டுக்குக் குளிர் அடி எதுவும் இல்லை, மேல் இலை வெடிக்கும் பயமே இல்லை, அதனால் வயதான, காகிதம் போல உலர்ந்த சுருட்டு வைத்திருப்பவர்களுக்கு உறைய வைப்பதைவிட இதுதான் மேல் என்பது என் எண்ணம். நம் உறையூர், திண்டுக்கல் பக்கத்துச் சுருட்டு பழசாக வைத்திருந்தால் அதற்கும் இதையே சொல்வேன். ஆங்கிலத்தில் செரூட் என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்திய காலத்துப் பெட்டிகள் மாதுங்காவில் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன, பொத்தான் போட்டு வைக்கவாவது.

இருபது முப்பது சுருட்டுக்கு ஜாடி போதும். இருநூறு என்றால் பையும் பாக்கெட்டும் வாங்கி முடியாது.

வழி நான்கு: வைன் கூலர்

வைன் பாட்டில்களை மிதமான குளிரில் வைக்கும் சின்ன பிரிட்ஜ்தான் இது, வண்டைக் கொல்வதில்லை. பல பேர் இதைக் கொல்லும் வழி என்று நினைத்து நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் செலவழிக்கிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 16, 17 டிகிரியில் வைத்தால் முட்டை பொரியாமல் தூங்கும், அவ்வளவுதான். கூலர் பழுதாகி நான்கு வாரம் பாகத்துக்குக் காத்திருக்கும்போது தூங்கினதெல்லாம் எழுந்து உட்காரும்.

ஆனால் கொன்ற பிறகு காப்பதற்கு இதற்கு இணை இல்லை. உறைய வைத்த சுருட்டை 30 டிகிரி அறையில் திரும்ப வைத்தால் சமையலறையிலிருந்து ஒரே ஒரு வண்டு பறந்து வந்தால் போதும். கூலருக்குள் அந்தக் கவலை இல்லை. ஸ்பானிஷ் சிடார் மரப்பெட்டி வண்டை விரட்டிவிடும் என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், வாசனைக்கும் ஈரத்தைச் சமன் செய்யவும் அந்த மரம் நல்லது, வண்டு அதை மதிப்பதில்லை. (சிடார் என்று பெயர் இருந்தாலும் அது நம் வேம்புக் குடும்பத்து மரம் என்பது எனக்குப் பிடித்த செய்தி.)

வாங்குவதானால் கம்ப்ரசர் உள்ளதை வாங்குங்கள். கம்ப்ரசர் இல்லாமல் மின்தகட்டால் குளிரும் விலை குறைந்த வகை, அறை வெப்பத்திலிருந்து ஓரளவுதான் கீழே இறக்கும், மே மாதத்தில் அறையே 34 டிகிரியாக இருக்கும்போது அது திணறும். கம்ப்ரசர் வகை ஈரத்தை உறிஞ்சி எடுக்கும், அதற்கு ஈடாக ஈரப்பத பாக்கெட்டுகளை அடிக்கடி மாற்றணும், வருடம் முழுக்க மின்சாரம் ஓடும். இதெல்லாம் சேர்ந்த செலவுதான் அதன் உண்மையான விலை. நூறு சுருட்டுக்கு மேல் பல வருடம் வைத்திருக்கப் போகிறவர்களுக்கு மட்டும் சொல்வேன். மற்றவர்கள் 65 சதவீத ஈரத்துக்கு இறக்கி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வைத்து, மாதம் ஒரு முறை திறந்து பார்த்தால் போதும்.

செய்யவே கூடாதவை

அரிசி மூட்டைக்கு வைக்கும் மாத்திரை. அலுமினியம் பாஸ்பைடு. தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் புகையிலைக்கு இதன் வாயுவைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும், அது உண்மைதான், ஆனால் அங்கே பயிற்சி பெற்றவர்கள், வாயுவை அளக்கும் கருவியோடு, ஆள் இல்லாத இடத்தில் செய்கிறார்கள். அந்த வாயுவுக்கு மாற்று மருந்தே கிடையாது. அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். யாராவது ஒரு மாத்திரை தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், எவ்வளவு விலை உயர்ந்த சுருட்டாக இருந்தாலும் சரி.

மைக்ரோவேவில் சூடு ஒரே சீராகப் பரவாது, ஒரு முனை கருகும், மறுமுனையில் முட்டை பிழைக்கும். அந்துருண்டை போட்டால் வண்டு போகிறதோ இல்லையோ சுருட்டு போய்விடும், அந்த வாடை இலையை விட்டு இறங்காது. வெயிலில் காய வைப்பது மிளகாய்க்குச் சரி, சுருட்டுக்கு அல்ல.

பசை அட்டையில் வாசனை வைத்த பொறி கிடைக்கிறது, அதை வாங்கலாம், ஆனால் அது ஆண் வண்டை மட்டும்தான் இழுக்கும், முட்டை இடும் பெண் பெட்டிக்குள்ளேயே இருக்கும். வீட்டில் வண்டு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மட்டும் ஒன்று வையுங்கள்.

தூக்கிப் போடுவது

ஓட்டை விழுந்த சுருட்டை வைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள், இழுத்தால் காற்றுதான் வரும், உள்ளே கழிவும் தூளும். கவரில் கட்டி, பிரீசரில் போட்டு, அப்புறம் குப்பையில் போடுங்கள், உயிரோடு போட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்ச் சேரும். பாக்கி உள்ளவை பத்துக்குள், எல்லாம் சாதாரண விலை என்றால் மொத்தமாகவே விட்டுவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சமையலறையைப் பார்த்தீர்களா?

எந்த வழியை எடுத்தாலும் அதே நாளில் தனியா டப்பாவையும் மிளகாய் வற்றலையும் மஞ்சள் கிழங்கையும் திறந்து ஒரு வெள்ளைத் தட்டில் தட்டிப் பாருங்கள். நம் வீடுகளில் சாம்பார் பொடிக்கு வருடத்துக்குத் தேவையானதை ஒரே தடவையில் வாங்கி வைக்கிற பழக்கம் இருக்கிறது. வண்டு சுருட்டோடு வந்தது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம், அது தனியாவிலிருந்து சாயந்திரம் விளக்கு வெளிச்சத்துக்குப் பறந்து வந்திருக்கும். ஹ்யூமிடாரைக் காலி செய்து, மூலை இடுக்கெல்லாம் குறுகிய வாய் வைத்த வாக்குவம் கிளீனரால் இழுத்து, சில வாரம் காலியாகவே விட்டுப் பொறி ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள்.

செம்பூர் மாமாவுக்கு டீப் பிரீசர், அதன் பிறகு கம்ப்ரசர் கூலர் என்று சொன்னேன். அவர் நண்பர் ஒருவரின் கேட்டரிங் கிடங்கில் ஒரு மூலை கேட்டு வாங்கிவிட்டார், நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பதினொன்றைத் தனியே எடுத்துவிட்டு, மீதியை இரட்டைக் கவரில் போட்டு ஞாயிற்றுக்கிழமை உள்ளே வைத்தோம், அடுத்த ஞாயிறு வெளியே எடுப்போம். மாமியிடம் கேட்டு மிளகாய் டப்பாவைத் திறந்ததில் அங்கேயும் நாலு வண்டு இருந்தது, அதுவும் அதே கிடங்குக்குத்தான் போயிருக்கிறது. பவாய் தம்பி இருப்பது அவருடைய பாட்டியோடு, பிரிட்ஜ் பாட்டியுடையது. அவருக்குக் கண்ணாடி ஜாடி.